பன்னிரண்டாவது பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ரக்பி மைதானத்தில் நின்று மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். பூக்காரம்மா முழம் போட்டால் பூவைப் பார்க்க மாட்டேன், அவர் முழங்கையைப் பார்ப்பேன். ஒரு டாக்டர் எழுதிய மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டுவேன். ‘ஒண்ணும் கவலைப்படாதீங்க’ என்று யாராவது சொன்னால் போதும்... அன்றைக்குத் தூக்கம் போச்சு.

என் அண்ணன் மகள் பிரியா ரக்பி ஆடுகிறாள். நீள உருண்டையாக ஒரு பந்து. அதைக் கையால் முன்னால் வீசக் கூடாதாம், பின்னால் வருகிறவளுக்குத்தான் வீச வேண்டுமாம். முன்னால் போக வேண்டிய ஆட்டத்தில் எதற்கு இப்படி ஒரு சட்டம்? எனக்கு அங்கேயே முதல் சந்தேகம்.

இந்த ஆட்டத்துக்கென்று நம் வட்டாரத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம், எனக்கு எதற்கு வம்பு? சங்கம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். உழவர்கரையில் செயலாளர் வீட்டு முன்னறை. ஒரு பீரோ, ஒரு மேஜை, ஒரு மூட்டை பந்து. ஆனால் எந்த அணி எப்போது யாரோடு மோதும், புதுவைக்காக யார் வெளியூர் போவார்கள் - எல்லாம் அந்த மேஜையில்தான் முடிவாகிறது. இத்தனை அதிகாரம் ஒரே முன்னறையில் இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

செயலாளர் ஃப்ரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பட்டாளத்தில் கற்றுக்கொண்ட ஆட்டத்தை இங்கே கொண்டுவந்துவிட்டார். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘முசே’, ஃப்ரெஞ்சில் ‘ஐயா’ என்று அர்த்தமாம். நல்ல மனிதர் என்கிறார்கள். அதுதான் எனக்கு உதைத்தது. எல்லோருமா ஒரு ஆளை நல்லவர் என்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அணிகளுக்கான இறுதி ஆட்டம். பிரியாவின் உழவர்கரை அணிக்கும் பிள்ளைச்சாவடி அணிக்கும். ஆட்டம் முடிந்ததும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும் பன்னிரண்டு பேரின் பட்டியலை அங்கேயே படிப்பார்கள். பிரியாவுக்கு உடற்கல்வி ஆசிரியை ஆக வேண்டும். தென்மண்டலச் சான்றிதழ் கையில் இருந்தால் அந்த வேலைக்கு ஒரு பிடி கிடைக்கும். இரண்டு வருடமாக முட்டியெல்லாம் சிராய்ப்போடு அலைகிறாள், பாவம்.

மைதானத்துக்குப் போனால்... பிள்ளைச்சாவடிக்கு ஓர் ஆள் குறைகிறது! அணிக்கு ஏழு பேர் வேண்டும், வந்தது ஆறு. ஏழாவது பெண்ணுக்கு அன்று காலை நிச்சயதார்த்தமாம். அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு அவள் போகாமல் இருக்க முடியுமா? சரி, ஆட்டம் ரத்து என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று நடுவரும் முசேதான். நடுமைதானத்துக்குப் போனார். எங்கள் கேப்டனிடம் ஏதோ சொன்னார். அடுத்த நிமிடம் பிரியா நீலப் பனியனைக் கழற்றிவைத்து பிள்ளைச்சாவடியின் மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்கிறாள்!

அவள் இடத்தில் உழவர்கரைக்கு இறங்கியது யார்? சிமோன். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். முசேவின் சொந்தத் தம்பி மகள்.

இப்போது சொல்லுங்கள், எனக்குச் சந்தேகம் வந்தது தப்பா?

நேரே அவரிடம் போனேன்.

“என்ன சார் இது? எங்க பொண்ணத் தூக்கி எதிரணிக்குக் குடுத்துட்டீங்க?”

“இது எங்க ஆட்டத்து வழக்கம், மதாம். ஆள் இல்லாம வந்தவங்களத் திருப்பி அனுப்ப மாட்டோம், நம்ம ஆளக் குடுத்து ஆடுவோம். குடுக்கறதையும் நல்ல ஆளாப் பாத்துக் குடுக்கணும்.”

“உங்க தம்பி பொண்ணு நல்லா ஆட மாட்டாளா? அவளக் குடுக்கறது!”

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். பதில் இல்லாதவர்கள்தானே விசில் ஊதுவார்கள்?

பாதி ஆட்டம் ஏழே நிமிடம். இடைவேளை இரண்டே நிமிடம். அதற்குள் எத்தனை கையெழுத்து வாங்க முடியும்? மூன்று வாங்கினேன். ‘உறவினருக்காக ஆள் மாற்றம் செய்யப்பட்டிருப்பதால் தேர்வை நிறுத்திவைக்கவும்.’ தவளக்குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பஸ் ஸ்டாப்புக்கான மனு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். நானும் திருத்தவில்லை.

இரண்டாவது பாதியில் சிமோன் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாகப் பறந்தாள். கோட்டுக்கு நாலடி இருக்கும்போது பிரியா பின்னாலிருந்து பாய்ந்து இடுப்பைக் கட்டிச் சாய்த்தாள். என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, விழுந்தது எங்கள் அணி. கடைசி நிமிடத்தில் பிரியாவே கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தாள். பிள்ளைச்சாவடி ஜெயித்தது. உழவர்கரைக்கு வரவேண்டிய கோப்பையை உழவர்கரைக்காரியே தட்டிக்கொண்டு போய்விட்டாள்!

தோற்ற பெண்கள் சண்டை போடுவார்கள் என்று பார்த்தேன். இரண்டு வரிசையாக நின்று கைதட்டி, ஜெயித்தவர்களை நடுவில் நடக்கவிட்டார்கள். அதோடு விட்டார்களா? ஒரே பாயில் உட்கார்ந்து, பிள்ளைச்சாவடிக்காரர்கள் கொண்டுவந்த மீன் குழம்பை ஒன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அஞ்சு நிமிடம் முன்னால் ஒருத்தியை ஒருத்தி மண்ணில் உருட்டியவர்கள்! எல்லாம் பேசிவைத்த ஆட்டம் என்று முடிவே கட்டிவிட்டேன். மனுவைக் கொண்டுபோய் முசே கையில் திணித்தேன்.

நிதானமாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இன்னொரு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“என் மேல புகார் வந்துட்டுது. இனி லிஸ்ட்ட நான் படிச்சா நல்லா இருக்காது. நீங்களே படிச்சிடுங்க, மதாம்.”

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். படித்தேன். இரண்டாவது பெயர் பிரியா! தொடர்ந்து படித்துக்கொண்டே போனேன். பதினோரு பெயர். பன்னிரண்டு என்று எண் மட்டும் இருக்கிறது, பக்கத்தில் பெயர் இல்லை. சிமோன் எங்கேயும் இல்லை.

சும்மா இருந்தேனா? “இந்தக் காலி இடம் யாருக்கு சார்? நாங்க வீட்டுக்குப் போனதும் எழுதிக்கவா?” என்று கேட்டுவைத்தேன்.

முசே குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு பரிமாறப் போய்விட்டார். சிமோன் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது சிக்னலில் வண்டி நின்றதும் பிரியா வெடித்தாள்.

“ஏன் அத்த இப்படி பண்ண? சிமோன் எனக்கு மேல ஆடறவ, தெரியுமா? செலக்‌ஷன் கமிட்டில மத்த ரெண்டு பேரும் அவ பேரத்தான் சொன்னாங்களாம், கேப்டன் சொன்னா. முசேதான் ஒத்துக்கல. போன வருஷம் உன்ன மாதிரி ஒருத்தங்க வந்து, சொந்தக்காரப் பொண்ணுன்னு கத்திட்டுப் போனாங்க. அதுலேர்ந்து அவரு அவள முன்னால நிறுத்தறதே இல்ல, பெஞ்சுலதான் உக்கார வெப்பாரு. நல்ல ஆளுன்னு இன்னிக்கு அவளக் குடுத்தாக்கூடப் பேச்சு வரும்னுதான் என்னக் குடுத்தாரு. அவ இடத்துல வேற ஆள எழுதவும் அவருக்கு மனசு வரல, அவ பேர எழுதவும் பயம். அதான் காலி. அடுத்த வருஷம் அவ வீட்ல ஆட விட மாட்டாங்க அத்த. இதான் அவளுக்குக் கடைசி.”

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, வேறென்ன சொல்ல? என் அண்ணன் மகளின் இடத்தைக் காப்பாற்றக் கிளம்பி, ஊரார் வீட்டுப் பெண்ணின் இடத்தை நானும் சேர்ந்து பிடுங்கியிருக்கிறேன். அவள் செய்த தப்பு என்ன? அவருக்கு உறவாகப் பிறந்ததுதானே?

புதன்கிழமை இன்னொரு மனு எழுதினேன். ‘சிமோனைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்கவும்.’ பதினோரு வீராங்கனைகளும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் நான். இந்த முறை எல்லோரும் படித்துப் பார்த்துத்தான் போட்டார்கள், நானே படிக்க வைத்தேன்.

அந்த முன்னறையில், அந்தச் சின்ன மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். முசே கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பதினோரு கையெழுத்தையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் கையெழுத்துக்கு வந்ததும் விரல் நின்றது. நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மதாம்... அந்தப் பொண்ணு உங்களுக்குச் சொந்தமா?”

“இல்லவே இல்ல சார்!”

பிறகு பேனாவைத் திறந்து, பன்னிரண்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினார்.

அவர் அப்படிக் கேட்டதில் எனக்குக் கோபமே இல்லை - நானாக இருந்தால் ஆதார் கார்டையும் கேட்டிருப்பேன்!