சோம்பேறி என்று பெயர் வைத்த நோய்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தபோதுதான் முதலில் கவனித்தேன். ஓர் அடியை ஒரே மூச்சில் பாட முடியவில்லை. பாதியில் மூச்சு தீர்ந்துவிட்டது. மற்றவர்கள் அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

சளி இல்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள், கிணற்றடியிலிருந்து குடத்தோடு வீடு வந்து சேர வழியில் நின்று நின்று வரவேண்டியதாயிற்று. காதுக்குள் யாரோ ஓயாமல் மாவு சலிப்பதுபோல் ஓர் இரைச்சல். கால்விரல் இடுக்கில் அரிப்பு வேறு. அது மழைக்காலத்தில் ஊரில் எல்லோருக்கும் வருவதுதான், அதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. பிறகு நகமெல்லாம் வெளுத்தது. நாக்கு வெளுத்தது. முகம் மட்டும் உப்பிக்கொண்டு வந்ததால், பார்த்தவர்கள் உடம்பு தேறியிருக்கிறது என்றார்கள்.

உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது, இப்படி இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எழுதவில்லை. எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் அநேகர். அதனால் ஒரு பயனும் விளையவில்லை.

நாங்கள் ஆரணியை ஒட்டிய சேவூரில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் யாக்கோபு பட்டு நெய்கிறவர். நான் வீட்டு வேலை போக நூல் இழைப்பேன். காலையில் தெருவில் பாவு (சேலையின் நீளவாட்டு நூல்) நீட்டும்போது ஒரு முனையைப் பிடிப்பேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் எங்கள் வேதக்கோயிலில் சிறு பெண்களுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தேன். மூன்று வேலையும் ஒவ்வொன்றாக என் கையைவிட்டுப் போயின.

என் மாமியார் வாசலில் நின்று தெருவுக்குக் கேட்கச் சொல்லுவார்: "சோறு துன்ன மட்டும் எழுந்துக்கிறா. வேலைன்னா மூச்சு வாங்கிகினு குந்திக்கிறா. இவளோட ஒரே பேஜாரா போச்சு."

உபதேசியார் ஒரு ஞாயிறு சோம்பலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யார் பெயரையும் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆரணி தர்ம ஆஸ்பத்திரியில் இருந்த அப்பாத்திக்கரி (டாக்டருக்குக் கீழே மருந்து கொடுப்பவர்) நான் இருந்த பெஞ்சுக்கு எழுந்தே வரவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தபடியே, "பொம்பளைங்களுக்கு இது சகஜம். இரும்பு மருந்து தரேன். நல்லா வேல செஞ்சா ரத்தம் ஊறும்," என்றார். மருந்து குடித்த நாட்களில் கொஞ்சம் நடமாட முடிந்தது. நிறுத்தியதும் பழைய நிலைமைதான். மறுபடி போனபோது கொய்னா (காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்பு மருந்து) கொடுத்தார். எனக்குக் காய்ச்சலே இல்லை என்று சொன்னேன். உள்காய்ச்சல் என்றார்.

பிறகு மண் ஆசை வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையால் பிரயோசனம் இல்லை. மழை பெய்து சுவர் நனைந்தால் அந்த வாசனைக்கு வாயில் நீர் ஊறும். சுவரைச் சுரண்டித் தின்றேன். அடுப்புச் சாம்பலைத் தின்றேன். என்னைத் தடுக்க எனக்கே சக்தி இல்லை.

என் மகள் லீதியாளும் அதே காலத்தில் வெளுத்துக்கொண்டு வந்தாள். ஐந்து வயது. ஓடியாடித் திரிந்த குழந்தை, வாசற்படியில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க ஆரம்பித்தாள். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. அவளும் மண் தின்றாள்.

"ஆத்தா துன்றா, அதப் பாத்து பொண்ணும் துன்னுது," என்றார் மாமியார். வயிற்றில் கட்டி என்று சொல்லி, சூடு போடுகிற ஒருத்தியை அழைத்துவந்தார். ஊசியைக் காய்ச்சி என் குழந்தையின் வயிற்றில் வரிசையாகச் சூடு போட்டார்கள். நான் எழுந்து தடுக்கப் போனேன். கண் இருட்டிச் சுவரில் சாய்ந்துவிட்டேன். யாக்கோபு தறியைவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்த ஆடியில் அவள் இறந்துபோனாள். கால் வீங்கி, முகம் வீங்கி, கடைசியில் மூச்சுக்குத் தவித்தாள். அப்பாத்திக்கரி எட்டிப் பார்த்துவிட்டு, "பலவீனம்," என்று ஒரு வார்த்தை சொன்னார். பலவீனம் எதனால் வந்தது என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

அதன்பிறகும் சில வருஷங்கள் அப்படியே இருந்தேன். இருந்தேன் என்று சொல்லலாமே ஒழிய வாழ்ந்தேன் என்று சொல்ல முடியாது. ஒருநாள் காலை வேறு ஆள் கிடைக்காமல் தெருவில் பாவு பிடித்துக்கொண்டிருந்தபோது மயங்கி அதன்மேலேயே விழுந்தேன். இழையெல்லாம் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அப்பாத்திக்கரி இந்தத் தடவை எழுந்து வந்தார். இருதய ரோகம், நாள் எண்ண வேண்டியதுதான் என்றார். களம்பூருக்கு ரயில் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. யாக்கோபு யாரையும் கேட்காமல் வண்டி கட்டிக் களம்பூருக்குக் கொண்டுபோய், என்னைத் தூக்கி ரயிலில் வைத்து வேலூருக்கு அழைத்துப் போனார்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பட்டணத்தில் படித்துவிட்டு வந்த தமிழர். நாற்பது வயதுக்கு உட்பட்டவர். என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இதை இதுக்கு முன்னாடி யாராவது பாத்தாங்களா?" என்று யாக்கோபைக் கேட்டார்.

"இல்லீங்க. சோம்பலா கீறான்னு நெனச்சிகினு இருந்தோங்க."

"உள்ள வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்குது. ரத்தமே இல்லை. இது இருதய ரோகம் இல்லை. ரத்தம் இல்லாததால இருதயம் அடிச்சுக்குது."

பிறகு அவர் கேட்டது எங்கள் இருவரையும் திகைக்க வைத்தது. மறுநாள் காலை என் மலத்தை ஒரு கொட்டாங்குச்சியில் கொடுக்கச் சொன்னார். வார்டில் வேலை செய்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பொத்தவில்லை. ஈர்க்குச்சியால் துளி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, பூதக்கண்ணாடியில் (சிறியதைப் பெரியதாகக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசினார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னுடையதைப் பார்த்துத்தான் சந்தோஷப்படுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

"நானும் பாக்கணுங்க," என்றேன்.

"பாத்தா பயந்துடுவே."

"என் வயித்துல இருந்து வந்ததுங்க. நான் பாக்கணும்."

அவர் நகர்ந்து இடம் விட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். மெல்லிய கண்ணாடி ஓட்டுக்குள் நாலு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அழகாக இருந்தது. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"முட்டை," என்றார் டாக்டர், முதல் தடவையாக என்னைப் பார்த்து. "புழுவோட முட்டை. கொக்கி மாதிரி வளைஞ்ச வாய். குடலைக் கவ்விக்கிட்டு ரத்தம் குடிக்கும். நூத்துக்கணக்கா இருக்கும் உன் வயித்துல. நீ திங்கிற சோத்துல ஊறுற ரத்தத்தை அது குடிச்சுக்கிட்டு இருந்திருக்குது."

"மண்ணு துன்னதால வந்துதுங்களா?"

"அப்படித்தான் நாங்க நெனைக்கிறோம். மண்ணோட சேர்ந்து வாய் வழியா போவுது."

"இல்லீங்க. மூச்சு வாங்கனது மொதல்ல. மண்ணு ஆசை அப்புறந்தான் வந்துச்சு."

"எப்படி உள்ள போவுதுன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாதும்மா," என்றார். என் நோய்க்காலம் முழுவதிலும் ஒரு வைத்தியர் வாயிலிருந்து நான் கேட்ட நேர்மையான வார்த்தை அது ஒன்றுதான்.

அந்தத் தைரியத்தில் லீதியாளைப் பற்றிச் சொன்னேன். வயிறு, வீக்கம், மண், எல்லாவற்றையும். "அவளுக்கும் இதுதானுங்களா?"

"இருக்கலாம். இப்ப சொல்ல முடியாது."

"இத எப்ப கண்டுபிடிச்சாங்க?"

சீமையில் மலையைக் குடைந்து பாதை போட்ட கூலிகள் இப்படித்தான் வெளுத்துச் செத்தார்கள், அவர்கள் மலத்தில் இந்த முட்டையைப் பார்த்தார்கள், அதைப் பற்றிப் புஸ்தகமே வந்திருக்கிறது என்றார். அலமாரியைக் காட்டினார்.

"அந்தப் புஸ்தகம் இங்க வந்து எத்தினி வருசமாச்சுங்க?"

அவர் முகம் மாறியது. நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "கொஞ்ச வருஷமா இருக்குது," என்றார்.

என் குழந்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்த நாட்களில் அது அந்த அலமாரியில் இருந்தது. வேலூரில் இருந்தது ஆரணிக்கு வரவில்லை. ரயில் வந்தது, சீமைச் சாயம் வந்தது, வரி கேட்கிறவர்கள் தவறாமல் வந்தார்கள். அது மட்டும் வரவில்லை.

மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தைமால் என்று பெயர் (ஓமத்திலிருந்து எடுக்கும் உப்புப் போன்ற சத்து). முதல்நாள் கஞ்சி மட்டும் கொடுத்து, பேதி உப்புக் கொடுத்துக் குடலைக் காலி செய்தார்கள். மறுநாள் விடிந்ததும் அந்தப் பொடியைக் கொடுத்தார்கள். நெஞ்சிலிருந்து அடிவயிறுவரை எரிந்தது. தலை சுற்றியது. சிறுநீர் பச்சையாகப் போயிற்று, பயப்படாதீர்கள். அன்று எண்ணெய், நெய் எதுவும் வாயில் படக்கூடாது. பட்டால் மருந்தே விஷமாகிவிடுமாம். டாக்டர் சொல்லாமல், அளவு தெரியாமல், ஒருபோதும் தின்னாதீர்கள். நம் வீட்டு ஓமத்தை மென்றால் போதும் என்று சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள்.

வெளியே வந்தவற்றை மல்லுத்துணியில் அலசிக் காட்டினார்கள். அறுந்து விழுந்த நூல் துணுக்குகள் போல இருந்தன. சிலவற்றின் உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. அது என் இரத்தம்.

இரண்டு தடவை மருந்து, பிறகு இரும்பு. மாசக்கணக்கில் மெல்ல மெல்ல நகத்தில் நிறம் வந்தது. உடம்பு எனக்குக் கீழ்ப்படிய ஆரம்பித்தது. கோபமும் அப்போதுதான் வந்தது.

அதுவரை யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் என்று எனக்குப் பெயர். பொறுமைசாலி என்று கோயிலில் புகழ்ந்தவர்களும் உண்டு. அது பொறுமை இல்லை. கோபப்படுவதற்கு இரத்தம் வேண்டும். எனக்கு அது இல்லாமல் இருந்தது.

ஊர் திரும்பியதும் கிணற்றடியில் பெண்களின் இமையை இழுத்துப் பார்த்தேன். எத்தனை பேருக்கு வெளுத்திருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நேரே அப்பாத்திக்கரியிடம் போனேன். இவர்கள் மலத்தை வேலூருக்கு அனுப்பிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டேன்.

"பீயைக் கெளறி அனுப்பவா நான் படிச்சேன்? போம்மா, ஜல்தி போ. கூட்டம் நிக்குது."

"நீங்க மூக்கைப் பொத்திகினு இருந்ததாலதான் என் பொண்ணு மண்ணுக்குள்ள கீறா," என்றேன். கூட்டம் முழுவதும் கேட்டது. அவர் எழுந்து நின்றார். நானும் நின்றேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை.

அவர் எதையும் அனுப்பவில்லை. ஆகையால் வர இசைந்த பெண்களை நானே இரண்டு மூன்று பேராக வேலூருக்கு அழைத்துப் போனேன். இசையாதவர்களே அதிகம். நோயைவிட அதைக் காட்டும் வெட்கம் அவர்களுக்குப் பெரியதாக இருந்தது. உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: வெட்கப்படாதீர்கள். கொட்டாங்குச்சியை மேசைமேல் வையுங்கள். பார்க்கமாட்டேன் என்கிற வைத்தியர் வெட்கப்படட்டும்.

வந்தவர்களில் என் மாமியாரும் ஒருவர். அவருக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அவர் மலத்திலும் அதே முட்டை இருந்தது. மருந்து தின்று, துணியில் அலசியதைப் பார்த்துவிட்டு, கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். நான் கஞ்சி கொண்டுபோனேன்.

"அப்போ கொழந்தைக்கும் இதானாடி?" என்று கேட்டார்.

டாக்டர் என்னிடம் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார். நான் மாமியாரிடம், "இதான்," என்றேன்.

அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். "நான் சூடு போடச் சொன்னேனே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவரைத் தேற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், அவருக்கு வேண்டியதைச் செய்கிறேன்.

போன ஆடி மாசம் யாக்கோபிடம், கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள் என்றேன். அது ஊருக்கு வெளியே மேட்டின்மேல் இருக்கிறது. அடக்கத்தன்று ஏற முடியாமல் நான் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். என் மகளின் குழி எது என்றே எனக்குத் தெரியாது. யாரும் அன்று என்னைக் கைத்தாங்கலாகக்கூட அழைத்துப் போகவில்லை, நானும் கேட்கவில்லை.

நிற்காமல் ஏறினேன். யாக்கோபு பின்தங்கிவிட்டார். மேலே வந்து, நெருஞ்சி படர்ந்த ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே உட்கார்ந்து, நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்துக் கத்தினேன். கீழே வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாக்கோபு, "ஊர் பாக்குது," என்று தோளைத் தொட்டார். பார்க்கட்டும் என்றேன்.

வருஷக்கணக்கான துக்கத்துக்கு இப்போது என்ன அழுகை என்று தெருவில் கேட்கிறார்கள். அவர்களுக்கு அது பழைய துக்கம். என் உடம்புக்கு அழத் தெம்பு வந்தது போன ஆடியில். அவளும் எனக்கு அன்றைக்குத்தான் செத்தாள்.