கொதிக்கும் நீரில் எது உடைகிறது

கோபம் வந்தால் அண்ணிக்கு மூக்கு நுனி சிவந்துவிடும் என்று என் அண்ணன் கேலி செய்வான். சுத்தப் பொய். அது எப்போதுமே சிவந்துதான் இருக்கும். அண்ணி வேதியியல் டீச்சர்; பிள்ளைகள் வைத்த பெயர் அமிலம். அதே பள்ளியில் அதே பாடத்தை நானும்தான் நடத்துகிறேன், எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட இல்லை.

அமிலமோ என்னவோ, பிணைப்புப் பாடத்தை அண்ணி மாதிரி நடத்த ஆள் கிடையாது. "பஸ் ஸ்டாண்டுல கூட்டம் கலையுது. ரெண்டு பிள்ளையைக் கையில பிடிச்சிருக்கற அம்மா, பிள்ளைங்களை அங்கேயே விட்டுட்டா போவா? ஆக்சிஜன்தான் அந்த அம்மா, ரெண்டு ஹைட்ரஜனும் பிள்ளைங்க. தண்ணி கொதிச்சா கூட்டம்தான் கலையும், குடும்பம் கலையாது." மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் பிணைப்பு வேறு, மூலக்கூறுகளுக்கு நடுவே இருக்கும் ஈர்ப்பு வேறு என்பதை அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் மறக்காது.

ஒரு வருடம் பொதுத்தேர்வில் அதையே கேட்டிருந்தார்கள். நீர் கொதிக்கும்போது எது உடைகிறது, விளக்குக. நான்கு மதிப்பெண். விடைத்தாள் திருத்தும் கூடத்தில் எங்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பில், ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு உடைகிறது என்று இருந்தது. எனக்கே வயிறு எரிந்தது. வருடம் முழுக்கப் புரிந்து படித்த பிள்ளைக்குப் பூஜ்யம், உளறி வைத்த பிள்ளைக்கு முழு மதிப்பெண்.

அண்ணி பேனாவை மூடிவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் டீ போடும் இடத்திலிருந்து தூக்கி வந்த கெட்டில், இன்னொரு கையில் தீப்பெட்டி. கெட்டிலைத் தலைமைத் திருத்துநரின் மேஜையிலேயே வைத்தாள். அதன் மூக்கு வழியாக ஆவி புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது.

"உங்க விடைப்படி இதுலேர்ந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வருது சார். நான் குச்சியைக் கிழிக்கப் போறேன். உயிர்மேல ஆசை இருக்கறவங்க வெளிய போயிடுங்க."

கூடமே சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. குச்சியைக் கிழித்து ஆவியில் நீட்டினாள். அது நனைந்து அணைந்தது.

தலைமைத் திருத்துநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாதா மேடம்? குறிப்பு தப்புதான். ஆனா பாதிக் கட்டு திருத்தியாச்சு. மொத்தத்தையும் மறுபடி பிரிக்கச் சொல்றீங்களா?"

தெரியாமல் செய்திருந்தால்கூட அண்ணி ஆறியிருப்பாள். தெரிந்தே செய்கிறார் என்றதும் தீப்பெட்டியை மேஜையில் அறைந்தாள். "பிரிங்க சார். சரியா எழுதின பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?" தன் கட்டைத் தொடவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் பேனாவை மூடினேன். பின்வரிசையிலும் சிலர் மூடினார்கள்.

சாயங்காலத்துக்குள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. திருத்திய கட்டுகளையும் பிரித்து, இரண்டு விடைக்கும் முழு மதிப்பெண் போட வேண்டும். ஆளாளுக்கு அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"ஜெயிச்சிட்டீங்க அண்ணி," என்றேன்.

"வாயில நல்லா வந்துடும். தப்புக்கும் சரிக்கும் ஒரே மார்க்காம், இதுல எங்கடி ஜெயிச்சேன்?" பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. சரியாக எழுதிய பிள்ளைகள் தப்பித்துவிட்டார்களே, அது போதாதா?

அடுத்த வருடம் அண்ணி அதே பாடத்தை எடுத்த அன்று பக்கத்து வகுப்பில் நான் இருந்தேன். நடுவில் தடுப்புப் பலகை மட்டும்தான். பஸ் ஸ்டாண்ட் கதை பாதியில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்தாள். துடுக்காக ஒன்றும் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மிஸ், எதை எழுதினாலும் மார்க் உண்டுன்னு ட்யூஷன்ல சொன்னாங்க. இந்தக் கதை பெருசா இருக்கு. பிணைப்பு உடையுதுன்னே எழுதிடவா?"

அண்ணி கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். என் வகுப்புப் பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணி சாக்பீஸைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.