பதினொன்றிலிருந்து பதினாலு

ஜங்லிகாட் மீன்துறையில் மோட்டார் வேலைக்கு ராபினை விட்டால் ஆளில்லை என்பார்கள். ஆனால் அந்த மனுஷனோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு. மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் சூடேறித் துண்டித்துவிடும் சின்னப் பெட்டி ஓவர்லோடு ரிலே. மோட்டார்த் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு மேல் அதை ஒரு நூல் ஏற்ற மாட்டார், எந்த முதலாளி கத்தினாலும் சரி. கிறுக்கு என்று சிரிப்பார்கள். கிறுக்கெல்லாம் இல்லை, பயம். கோயிலில் சாம்பிராணிப் புகை எழும்பினால்கூட அவருக்கு மோட்டார்க் கம்பிச்சுருள் கருகும் வாடைதான் அடிக்கும். பாதிப் பூசையில் எழுந்து வெளியே வந்துவிடுவார்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஐஸ் கம்பெனி மோட்டார் நின்று நின்று ஓடியது. பேரிங் இறுகியிருந்தது. புதுசு சென்னையிலிருந்து வர வேண்டும், தீவுக்குக் கப்பலோ வந்தபாடில்லை. வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று ராபின் ரிலேயைப் பதினொன்றிலிருந்து பதினாலுக்குத் திருகிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மோட்டார் நிற்காமல் ஓடி, தீப்பிடித்தது. புகையில் மூச்சடைத்துச் செத்தவன் ஆபரேட்டர் தாமஸ், ராபினின் உயிர்ச் சிநேகிதன். குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான் என்று யாரோ ஆரம்பிக்க, ஊரே பிடித்துக்கொண்டது. பாவி மனுஷன், ராபின் வாயே திறக்கவில்லை.

அதே கம்பெனியில் இப்போது தாமஸின் மனைவி கிரேசி ஐஸ் உடைக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை ராபினைக் கூப்பிட்டதும் அவள்தான்.

“அரே, காலையிலேருந்து நாலு வாட்டி பந்த் ஆயிடுச்சு அண்ணே. மீன் போட்டுக்காரங்க ஐஸ் கேட்டுக் கத்துறாங்க. ஜல்தி கொஞ்சம் ஏத்தி வைங்களேன்.”

ராபின் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். இறுகியிருந்தது. அதே பேரிங் கோளாறு. ஸ்க்ரூடிரைவரைத் திரும்பப் பையில் போட்டார்.

“ஏத்த மாட்டேன் கிரேசி. அன்னைக்கு ஏத்துனதாலதான் தாமஸ் போனான். ஏத்துனது நான்.”

“அவரு குடிச்சிருந்தாருன்னாங்களே?”

“குடிச்சானோ இல்லையோ, நான் கை வைக்காம இருந்திருந்தா மோட்டார் தானா நின்னிருக்கும்.”

கிரேசி அங்கேயே ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அடப்பாவி அண்ணே! குடிகாரன் மகள்னு ஸ்கூல்ல சொல்லிச் சொல்லி, ஜாக்குலின் அவங்கப்பா போட்டோவை வீட்டுல மாட்டவே விடமாட்டேங்கிறா. நானும் சேர்ந்துல்ல அவரைத் திட்டினேன்!” சட்டென்று எழுந்தாள். “நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க வந்து சொல்லுங்க.”

ராபின் மெயினை அணைத்தார். போட்டுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். போடட்டும். அவள் பின்னால் மின்னி பேயில் இருந்த அவள் வீடுவரை நடந்தார்.

ஜாக்குலின்தான் கதவைத் திறந்தாள். “வாங்க மாமா” என்று சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ராபின் உட்காரவில்லை.