ஒன்றாம் எண் பெட்டி

பொருள்களைப் போடுவதற்கு முன்பே பெட்டிகளுக்கு எண் எழுதிவிடுபவன் நான். குரோம்பேட்டை வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு, பெரும்பாக்கத்தில் வாங்கிய வீட்டுக்குக் குடிபோக நாள் குறித்ததும், கடை கடையாக ஏறி அட்டைப்பெட்டிகள் சேகரித்து வந்தேன். ஒவ்வொன்றின் நான்கு பக்கமும் கறுப்பு மார்க்கரால் எண் எழுதினேன். புது வீட்டில் எதை முதலில் பிரிக்க வேண்டுமோ அதற்கு ஒன்று. அடுத்துத் தேவைப்படுவதற்கு இரண்டு. கடைசி எண் கொலு பொம்மைகளுக்கு. நவராத்திரி வரை அவற்றை யாரும் தேடப்போவதில்லை.

"அப்பா, எனக்கும் ஒரு நம்பர் எழுதிடுங்க. இத்தனை வருஷமா நம்பரே இல்லாம வளந்துட்டேன்," என்றாள் கல்லூரியில் படிக்கும் என் மகள்.

ஒன்றாம் பெட்டியை மனைவியே அடுக்கினாள். அதில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, குத்துவிளக்கு, எண்ணெய், திரி, சர்க்கரை, டம்ளர்கள், பிறகு ஒரு எவர்சில்வர் பாத்திரம். கடையில் ஒட்டிய காகிதம்கூட அதில் அப்படியே இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. சொந்த வீட்டில் பால் காய்ச்சும்போதுதான் அது அடுப்பேறும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதன் பிறகு நான்கு வாடகை வீடுகளில் பால் காய்ச்சினோம். ஒவ்வொரு முறையும் வேறு பாத்திரம். இது மட்டும் பரணிலிருந்து பரணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வாங்கியது ஏற்கெனவே ஒரு குடும்பம் வாழ்ந்த இரண்டாம் மாடி வீடு. அதனால் ஹோமம் எதுவும் வைக்கவில்லை. பால் காய்ச்சிவிட்டுக் குடிபோவதாக முடிவு. ஆனால் அதில் மனைவி கண்டிப்பாக இருந்தாள். பால் பொங்காமல் ஒரு நாற்காலிகூட உள்ளே நுழையக் கூடாது. புதன்கிழமை, ராகு காலம் பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் பொங்க வேண்டும்.

"பால் சாமானை மட்டும் நம்ம கூடவே எடுத்துட்டுப் போயிடலாமேப்பா," என்று மகள் கேட்டாள்.

"எதுக்கு? அதுதான் ஒண்ணாம் நம்பராச்சே," என்றேன்.

காலையில் லாரி வந்தது. நான்கு புறமும் மூடிய லாரி; பின்னால் மட்டும் கதவு. சாமான் ஏற்ற வந்த ஆட்களின் மேஸ்திரி எண்களைப் பார்த்து அசந்துபோனார். "சூப்பர் சார்! இந்த மாரி யாரும் எழுதி வெக்க மாட்டாங்க. எதுலேர்ந்து ஏத்தறது?"

"ஒண்ணுலேர்ந்து வரிசையா ஏத்துங்க," என்றேன். வாசலில் நின்று ஒவ்வொரு எண்ணையும் உரக்க வாசித்தேன். பெட்டிகளுக்குப் பிறகு பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், கடைசியாக சோபா. அவ்வளவு ஒழுங்காக ஒரு வீடு லாரி ஏறி நான் பார்த்ததில்லை.

கேம்ப் ரோடு நெரிசலைத் தாண்டி, மேடவாக்கம் வழியாகப் பெரும்பாக்கம் சேர்ந்தபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. மனைவி கையில் சாமி படம். மகள் கையில் உப்பும் மஞ்சளும் பால் பாக்கெட்டுகளும்.

"அந்த ஒண்ணாம் நம்பரை மட்டும் மொதல்ல குடுங்க," என்றேன்.

மேஸ்திரி கதவைத் திறந்தார். எதிரே சோபாவின் முதுகு தெரிந்தது. அதன் பின்னால் எங்கள் வீடு முழுவதும் நின்றது. அதற்கும் பின்னால், லாரியின் அடிவயிற்றில், ஒன்றாம் பெட்டி.

"இன்னா சார், நீங்கதான ஒண்ணுலேர்ந்து ஏத்த சொன்னீங்க?"

"பத்திரமா இருக்கும்பா," என்றாள் மகள். "யாராலயும் தொட முடியாது."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வைக்க முடியாது. பால் பொங்காமல் சாமான் உள்ளே போகக் கூடாது. சாமான் இறங்காமல் பால் பொங்காது. ராகு காலம் கழியும்வரை காத்திருக்கவும் வழியில்லை. மேஸ்திரிக்கு மத்தியானம் பொத்தேரியில் இன்னொரு லோடு இருந்தது.

முதல் மாடியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சாரும் அவர் மனைவியும் இறங்கி வந்தார்கள். விஷயம் கேட்டதும் அந்த அம்மா, "எங்க வீட்டு அடுப்பும் பாத்திரமும் தரேன், எடுத்துட்டுப் போங்கம்மா," என்றார்.

"இல்லைங்க, ரொம்ப தேங்க்ஸ். அந்தப் பாத்திரத்துலதான் காய்ச்சணும்," என்றாள் மனைவி. குரல் லேசாக உடைந்தது. அதுவரை எனக்கு இது நேரத்தைப் பற்றிய கவலையாக மட்டுமே இருந்தது.

மேஸ்திரி துண்டை உதறித் தலையில் கட்டினார். "அக்கா, வூட்டுக்குள்ளதான சாமான் போவக் கூடாது? பார்க்கிங்ல போவலாம்ல?"

மனைவி ஒரு கணம் யோசித்தாள். "பார்க்கிங்ல போகலாம்," என்றாள்.

சோபா இறங்கியது. ஃபிரிட்ஜ், கட்டில், பீரோ இறங்கின. சும்மா நிற்க முடியாமல் நான் அவற்றை அறைவாரியாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தேன். சற்று நேரத்தில் பார்க்கிங்கில் ஒரு ஹாலும் படுக்கையறையும் உருவாகிவிட்டன. ஓய்வுபெற்ற சார் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, "குடித்தனம் இங்கயேவா சார்? காத்து நல்லா வருது," என்றார். அவர் மனைவி எல்லோருக்கும் மோர் கொண்டு வந்தார். மகள் படிக்கட்டில் நின்று, எண்கள் இறங்க இறங்க, ராக்கெட் விடுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள்: "ஆறு... அஞ்சு... நாலு..."

ஒன்று வந்ததும் மேஸ்திரி அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஓடினார். வாசலில் நின்று, "அக்கா, நீங்க மொதல்ல வலது கால் வெச்சுப் போங்க," என்று வழிவிட்டார்.

விளக்கேற்றி, சாமி படத்தை வைத்து, பாத்திரத்தின் காகிதத்தை மனைவி நகத்தால் சுரண்டினாள். அது லேசில் வரவில்லை. கழுவி, விளிம்புவரை பால் ஊற்றி, அடுப்பில் வைத்தாள். மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் வாசலிலும், முதல் மாடித் தம்பதி படியிலும் நின்றார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "ஏங்க, அதைப் பாக்காதீங்க. பாலைப் பாருங்க," என்றாள் மனைவி.

ஓரத்தில் நுரை கட்டியது. நடுவில் மெல்ல மேடு எழும்பியது.

"பொங்கிச்சு!" மேஸ்திரியின் குரல்தான் முதலில் கேட்டது. மகள் கைதட்டினாள். பால் நான்கு பக்கமும் வழிந்து அடுப்பை நனைத்தது. அடுப்பு கீச்கீச்சென்று சத்தமிட்டு அணைந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. மனைவி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். சர்க்கரை போட்டு, முதல் டம்ளரை மேஸ்திரிக்குக் கொடுத்தாள்.

சமையல் மேடையில் பால் ஓடையாகப் போய்த் தொட்டியின் விளிம்பில் தேங்கியிருந்தது. கைக்குட்டையை எடுத்து அதைத் துடைக்கப் போனேன்.

"தொடாதீங்க," என்றாள் மனைவி. "நம்ம வீடு. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.