பிரேக் பிடிக்கத்தான் செய்தது

விசுவமடுச் சந்தியில் வாடகைக்கு ஹயர் கார் ஓடும் ராஜரத்தினத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். பிள்ளைப்பேற்று வலி எடுத்தவளையும் பாம்பு கடித்தவனையும் கிளிநொச்சி ஆசுபத்திரிக்கு ஏற்றிக்கொண்டு பறந்த மனுசன். வாய் சுத்தம், கை சுத்தம். ஆனால் கார் ஓடுவதைப் பற்றி ஒருவர் புத்தி சொல்லிவிட்டால் போதும், மூக்கு நுனி சிவந்துவிடும்.

இருபது வருடம் அவர் ஓடியது நாலு சில்லுக்கும் ட்ரம் பிரேக் போட்ட பழைய ஜப்பான் கார். மழை வெள்ளத்தில் இறங்கினால் ட்ரம்முக்குள் தண்ணீர் போய்விடும், மிதித்தாலும் கார் கேட்காது. அதனால் மிதித்து விட்டு, மிதித்து விட்டு, இரண்டு மூன்று தரம் அடித்துத்தான் நிறுத்துவார். ஓங்கி ஒரேயடியாக மிதித்தால் சில்லு இறுகிக் கார் வழுக்கிக்கொண்டு போகும் என்பது அவருடைய காலுக்கே தெரியும். அந்தக் காலைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, இருக்கவேண்டிய பெருமைதான்.

அந்தக் கார் துருப்பிடித்துப் போக, இன்னொரு பழைய கார் வாங்கினார். முன்னுக்கு டிஸ்க் பிரேக், பின்னுக்கு ட்ரம், ஏபிஎஸ்ஸும் இருந்தது. சந்திக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்த பிரதீபன் முன் பிரேக்குக்குப் புதுப் பாட் மாற்றிவிட்டு, கார்த் திறப்பைக் கொடுக்கும்போது சொன்னான்.

“அண்ணை, இது பழைய கார் மாதிரி இல்லை. அவசரத்துக்கு ஒரேயடியா அமத்திப் பிடியுங்கோ. காலுக்குக் கீழ கட கட எண்டு நடுங்கும். பயந்து காலை எடுத்துப் போடாதேங்கோ. ஏபிஎஸ் தன்ர வேலையைச் செய்யுது, சில்லு இறுகாமப் பாக்குது.”

“டேய், நீ பிறக்கமுதல் நான் ஸ்டியரிங் பிடிச்சனான்,” என்றார் ராஜரத்தினம். அவன் சிரித்துக்கொண்டு கையைத் துடைத்தான்.

சரியாக ஒரு கிழமை. மாரி மழை. பரந்தனில் சாமான் வாங்கிக்கொண்டு மனைவி அன்னபாக்கியத்தோடு திரும்புகிறார். தருமபுரம் தாண்டியதும் ஒரு மாட்டுக் கூட்டம் றோட்டுக்கு ஏறியது. மிதித்தார். காலுக்குக் கீழே பெடல் கட கட என்று உதறியது. ஐயோ, என்னவோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தார். காலைத் தூக்கினார். பிறகு பழைய பழக்கத்தில் மிதித்து விட்டு, மிதித்து விட்டு அடித்தார். நின்றிருக்கவேண்டிய கார் நிற்காமல் போய், மாட்டுக்கு விலத்தி, மதகுக் கட்டில் மோதியது. அன்னபாக்கியத்தின் வலது முழங்கால் சிரட்டை நொறுங்கியது.

சனம் கூடிவிட்டது. “என்ன அண்ணை நடந்தது?”

“பிரேக் பிடிக்கேல்லை! போன கிழமைதான் பிரதீபன் கழட்டிப் பூட்டினவன்!”

அந்த நேரம் அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். ஆசுபத்திரி வாங்கில் ஈர உடுப்போடு இருந்தபோதுதான் பிரதீபன் சொன்ன ‘கட கட’ ஞாபகம் வந்தது. ஆனால் அதற்குள் கதை அவருக்கு முன்னால் விசுவமடு போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த நாள் பிரதீபன் அவருடைய வீட்டுக்கு வந்து, மூலை நசுங்கிய காரை ஒழுங்கைக்குள் ஓட்டி, ஓங்கி மிதித்துப் பார்த்தான். “அண்ணை, பிரேக் நல்லாத்தான் பிடிக்குது,” என்றான். முற்றத்தில் அன்னபாக்கியத்தின் சொந்தக்காரர் பத்துப் பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், நான்தான் காலை எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? “பிறகு கதைப்பம்,” என்று உள்ளே போய்விட்டார். அந்தப் பிறகு இரண்டு வருடம் வரவில்லை. அன்னபாக்கியம் தோட்டத்தில் குந்தி இருந்து கச்சான் கடலை பிடுங்க முடியாமல் போனாள். பிரதீபனிடம் வாகனம் போவது ஒவ்வொன்றாக நின்று, கராஜ் பூட்டி, அவன் வவுனியாவில் யாருடையதோ டயர் கடையில் கூலிக்கு நின்றான்.

இந்த மாரியில் ஒரு நாள் அதே காரில் டீச்சர் சுதர்சினியை ஏற்றிக்கொண்டு போகையில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. ராஜரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு அமத்திப் பிடித்தார். பெடல் நடுங்கியது, அவரும் நடுங்கினார், காலை மட்டும் எடுக்கவில்லை. கார் நேராகப் போய் பஸ்ஸுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது.

“நல்ல பிரேக் அண்ணை! ஆர் செய்தது?” என்றாள் டீச்சர்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளே வவுனியாவுக்குப் போனார். பிரதீபன் சில்லொன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“தம்பி, அண்டைக்குப் பிரேக் பிடிச்சது. நான்தான் காலை எடுத்தனான்.”

“எனக்குத் தெரியும் அண்ணை.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளடா.”

“தெரிஞ்சவனுக்கு வந்து சொல்லி என்ன? சந்தியில சொல்லுங்கோ. ஒருத்தர் நம்பி பிரேக் வேலைக்கு ஒரு வாகனம் தந்தாப் போதும், நான் நாளைக்கே வந்து கராஜைத் திறக்கிறன்.”

வழி முழுக்க அவர் வசனத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சந்தியில் ஹயர்காரர் எல்லாரும் நின்றார்கள். வான் ஓடும் லாபிரும் நின்றார். ராஜரத்தினம் காரை விட்டு இறங்கி, எல்லாருக்கும் கேட்க ஒன்றும் விடாமல் சொன்னார்.

பிறகு லாபிர் அவருடைய தோளில் கையைப் போட்டார்.

“பாருங்கோ மனுசனை! மனுசீன்ர கால் போயும், அந்தப் பொடியன் பிழைக்கோணும் எண்டு பழியைத் தன்ர தலையில போடுறார். இப்பிடி ஒரு மனம் ஆருக்கு வரும்?”

“ஓம், ஓம்,” என்றார்கள் மற்றவர்கள்.

“இல்லை லாபிர், சத்தியமா நான்தான்...”

“விடுங்கோ அண்ணை. எங்களுக்கு உங்களைத் தெரியாதே?”

ராஜரத்தினம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப ஒண்டு கேக்கிறன். உன்ர வானை அவனிட்டக் குடுப்பியா?”

“குடுப்பன். என்ன வேலைக்கு?”

“பிரேக்குக்கு.”

லாபிர் மெதுவாகக் கையை விடுவித்தார். வானைத் திரும்பிப் பார்த்தார்.

“அது வேண்டாம் அண்ணை. நான் பள்ளிக்கூடப் பிள்ளையளையெல்லோ ஏத்துறனான்.”