இரண்டு கை போட்ட ஸ்வெட்டர்

பெற்றவர்களில் இரண்டு வகை உண்டு. பிள்ளை கீழே விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குகிறவர்கள் ஒரு வகை. விழுந்துவிடுமோ என்று பயந்து நடக்கவே விடாதவர்கள் இன்னொரு வகை. நம் வேன்காரர் இரண்டாவது வகை. தெருவில் எல்லோருக்கும் அவர் வேன்காரர்தான். பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே சற்று யோசிப்பார்.

முப்பது வருஷத்துக்கு மேல் வாடகைக்கு வேன் ஓட்டியவர். வேன் ஓட்டுகிறவனுக்கு ஓட்டுகிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம் அதிகம். ஆஸ்பத்திரி வாசலில், விமான நிலைய வாசலில், ஏதாவது ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தவம் கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள், ஊர் வம்பு பேசுவார்கள். இவர் ஸ்வெட்டர் பின்னுவார்.

அந்த வித்தை மனைவியிடமிருந்து வந்தது. வீட்டில் ஸ்வெட்டர், குல்லாய், கம்பளிப் போர்வை என்று ஆர்டர் எடுத்துப் பின்னுகிறவள் அவள். ஒருமுறை கை சுளுக்கிக்கொண்டு, ஒத்துக்கொண்ட வேலை பாதியில் நின்றபோது அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். "சொல்லிக் குடு, நான் போடுறேன்" என்று ஊசியைக் கையில் எடுத்தவர், அப்புறம் கீழே வைக்கவே இல்லை.

டிரைவர்கள் சும்மா விடுவார்களா?

"என்னண்ணே, வீட்ல சமையலும் நீங்கதானா?"

"ஆமாடா. உங்கிட்ட சீட்டாடித் தோத்துட்டுப் போய் அடி வாங்குறதுக்கு, சமைச்சுக் குடுத்து நல்ல பேர் வாங்கலாம்."

கேலி செய்த அதே ஆட்கள், குளிர்காலம் வந்ததும் பிள்ளைகளின் தலையளவை நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து, "அண்ணே, ஒரு குல்லா" என்று அவர் முன்னால் நின்றார்கள்.

பின்னல் விஷயத்தில் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: ஒரு சட்டைக்கு ஒரே கை. முன்பக்கத்தை மனைவியும் பின்பக்கத்தை அவருமாகப் போடக் கூடாது. ஊசி ஒன்றாக இருக்கலாம், நூல் ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு கையும் நூலை ஒவ்வொரு விதமாக இழுக்கும். ஒருவர் போடுகிற நூல் வளையம், அதாவது கண்ணி, இறுகும்; இன்னொருவர் கண்ணி தளரும். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் போட்டுக்கொள்கிறவர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்பது போலத் தெரியும். யார் பின்னியது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள் அந்த மகராசி.

இப்படி நன்றாய் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் இடி விழுந்தது. வேன்காரருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வந்து ஒருநாள் முழுக்க இருண்டுவிட்டது. "இனி ஸ்டியரிங் பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர். அன்று வீட்டுக்கு வந்தவர் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார், மூடினார்.

அவருக்கு மகன் ஒன்று, மகள் ஒன்று. மகன் மலைமேல் இருந்த ஓர் ஊரில் வேலையாய்க் குடும்பத்தோடு இருந்தான். சின்னவள் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். பொம்மை கேட்காமல் ஸ்பேனர் கேட்ட குழந்தை. லைசென்ஸ் எடுத்து, யாரோ ஒருவரின் பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் வேனைத் தானே எடுத்து ஓட்டவேண்டும் என்பது அவளுக்கு இருந்த ஒரே ஆசை. வாய்விட்டுக் கேட்டாள். அவரோ மகன் இருந்த ஊரிலேயே ஓர் ஆளிடம் வேனை விற்கப் பேசி முடித்தார்.

விற்கப்போகும் வண்டியை அவரால் ஓட்டிப்போக முடியாது. வேறு யாரை நம்பிக் கொடுப்பது? கடைசியில் அந்தப் பாவத்தையும் சின்னவள்தான் செய்ய வேண்டியிருந்தது. தன் ஆசையைத் தானே ஓட்டிக்கொண்டுபோய் விற்றுவிட்டு வரவேண்டும். அவள் மறுக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டாள்.

மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ள முன்பே மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். போனில் உத்தரவு போட்டாள்: "குட்டி பள்ளிக்கூடம் போகப் போறா. இங்க குளிர் எலும்பைத் துளைக்குது. வர்ற வழியில ஸ்வெட்டருக்கு முன்பக்கமும் பின்பக்கமும் போட்டுக் கொண்டாந்துடுங்க. கையும் கழுத்தும் இங்க வந்து போட்டுக்கலாம்."

அப்படியாக, வேன்காரர் தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தன் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

முதல் நாள் முழுக்க நேர் சாலை. சமவெளி. குழந்தைகூட ஓட்டலாம். ஆனால் அவர் ஜன்னல் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

"லாரி வருது."

"பார்த்தேம்பா."

"சைக்கிள்காரன் திரும்புவான் போல."

"அவர் திரும்பமாட்டார்ப்பா. பாவம், அவர் பாட்டுக்குப் போறாரு."

அவருடைய வலதுகால் தன்னையறியாமல் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா, அங்க பிரேக் இல்ல. தரைதான் இருக்கு. ஓட்டை விழுந்துடப் போகுது."

"கால் மரத்துப்போச்சு. அதான்."

"கையும் மரத்துப்போறதுக்கு முன்னாடி ஊசியை எடுங்க."

எடுத்தார். நீல நிற நூல். ஒரு கண் போனாலும் அவருக்குப் பின்னல் போகவில்லை, விரல்கள் பழகியவை. ஆனாலும் அன்று கண்ணிகள் ஊசியிலிருந்து நகர மறுத்தன. ஒவ்வொன்றையும் நெம்பித்தான் தள்ளவேண்டியிருந்தது. நூலின்மேல் பழியைப் போட்டார். சாயங்காலம் ஒரு லாட்ஜில் இறங்கியபோது முன்பக்கத் துண்டு முடிந்திருந்தது. விரல் நுனிகள் சிவந்திருந்தன.

சாப்பிடும்போது சின்னவள் கேட்டாள். "நான் ஓட்டுறதுல ஏதாவது குறை இருக்காப்பா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உனக்குத் தைரியம் இருக்கு. எனக்கு இல்லம்மா. நீ ரோட்ல இருப்ப, நான் வீட்ல உக்காந்து வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கணும். என்னால முடியாது."

"அம்மா பார்த்தாங்களே. முப்பது வருஷம். அவங்களால மட்டும் முடிஞ்சுதா?"

அந்தக் கேள்வி நெஞ்சில் ஆணியாய் இறங்கியது. கை கழுவ எழுந்தவர் வழக்கத்தைவிட அதிக நேரம் குழாயடியில் நின்றார்.

மறுநாள் மலை ஏறினார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். வேன்காரர் மடியில் புதிதாகத் தொடங்கிய பின்பக்கத் துண்டு கிடந்தது. நாலு வரிசைகூட ஏறவில்லை. கண் சாலையிலேயே இருந்தது.

பாதி மலையில் மேலே மரங்களுக்கு நடுவே ஒரு லாரி தெரிந்தது. நீளமான மரத்தடிகளை ஏற்றிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. வளைவில் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தை நம்பி மேலே போனால் அடுத்த வளைவில் நேருக்கு நேர். "ஒதுங்கு" என்று கத்த வாயைத் திறந்தார்.

வண்டி ஏற்கெனவே ஒதுங்கி நின்றிருந்தது. பாறையை ஒட்டி, சாலை கொஞ்சம் அகலமாக இருந்த இடம் பார்த்து, விளக்கைப் போட்டுவிட்டு, ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டு அவள் காத்திருந்தாள். திறந்த வாயை மூடிக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

லாரி வந்தது. வளைவில் மரத்தடிகளின் வால் வீசிக்கொண்டு சாலையின் இந்த ஓரம்வரை வந்து திரும்பியது. லாரிக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையைத் தூக்கி ஒரு சலாம் வைத்தார். தொழில்காரனுக்குத் தொழில்காரன் வைக்கிற சலாம். வேன்காரர் எத்தனையோ வாங்கியிருக்கிறார். ஆனால் இது அவருக்கு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு.

அவள் கியரைப் போட்டாள், வண்டி ஏறியது. அவர் ஊசியை எடுத்தார்.

ஒரு வரிசை போட்டார். இன்னொரு வரிசை. நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. முதுகு சீட்டில் சாய்ந்தது. பேத்தி பள்ளிக்கூட வாசலில் அழுவாளா மாட்டாளா என்று யோசித்தார். ஒரு பழைய பாட்டின் மெட்டு வாயில் வந்து நின்றது.

"வந்துட்டோம்பா. அண்ணன் வீட்டுத் தெரு."

கடைசி வரிசையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "மலை எப்ப முடிஞ்சுது?"

"அது முடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு."

மகன் வீட்டில் வேன் வாங்குகிறவர் முன்கூட்டியே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். டிராவல்ஸ் நடத்துகிறவர். வணக்கம் சொல்லி, டயர்களைப் பார்த்துவிட்டு வருவதாக மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். சின்னவளும் ஒரு வாளித் தண்ணீரோடு போய், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

உள்ளே மனைவி இரண்டு துண்டுகளையும் மேஜைமேல் விரித்தாள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தாள். முகம் மாறியது.

"ஏங்க, இது யார் போட்டது?"

"நான்தான்."

"இது?"

"அதுவும் நான்தான். வேற யாரு, வேன் என்ஜினா?"

"விளையாடாதீங்க. இது ரெண்டு கை. இந்த முன்பக்கத்தைப் போட்ட ஆளு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டிருக்கு, பலகை மாதிரி நிக்குது. இந்தப் பின்பக்கத்தைப் போட்ட ஆளு காலை நீட்டி உக்காந்து போட்டிருக்கு. ரெண்டு விரல் அகலம் கூட வருது. வழியில யார்கிட்ட குடுத்தீங்க?"

அவர் கண்ணிகளை எண்ணினார். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. வரிசையும் ஒன்றுதான். அவருக்கே விளங்கவில்லை.

"சத்தியமா நான்தான்டி. முன்பக்கம் நேத்து, சமவெளி ரோட்ல. பின்பக்கம் இன்னைக்கு, மலை ஏறும்போது."

மனைவி துண்டுகளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பது வருஷம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் அல்லவா, அவளுக்குப் புரியாதா? குரல் தணிந்தது.

"நேர் ரோட்ல பயந்திருக்கீங்க. கொண்டை ஊசி வளைவுல பயப்படலையே."

வேன்காரர் மெத்தென்று கிடந்த பின்பக்கத் துண்டின்மேல் கையை வைத்தார். மகளோடு வாதாடலாம், மனைவியோடு வாதாடலாம். தன் கையோடு எவன் வாதாட முடியும்? மனசு ஒத்துக்கொள்ளாததைக் கை ஒத்துக்கொண்டு, பாதாளத்தின் ஓரத்தில் நிம்மதியாய்ப் பின்னிக்கொண்டு வந்திருக்கிறது. அவள் ஓட்டினால் பயமில்லை என்று அந்த நீல நூல் சொல்லிக்கொண்டிருந்தது.

வெளியே வியாபாரம் முடியும் சத்தம் கேட்டது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. சாவியைக் குடுங்கம்மா, ஒரு சுத்து ஓட்டிட்டு வந்துடறேன்."

ஜன்னல் வழியே பார்த்தார். சின்னவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு பையிலிருந்து சாவியை எடுத்தாள். அதை ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம், அழுகையை விழுங்கினவர்கள் செய்வதுபோல் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நீட்டினாள்.

"குடுக்காதம்மா."

எல்லோரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். வேன்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தார்.

"அது உன் வண்டி. விக்கிறதா வேணாமான்னு நீ சொல்லு. நான் பேசுனது செல்லாது."

அவள் அப்படியே நின்றாள். நீட்டிய கை மெல்ல மூடியது.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றாள் வந்தவரிடம். "விக்கிறதா இல்ல."

வந்தவர் அண்ணனைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், ஜன்னலில் இருந்த அப்பாவைப் பார்த்தார். "நல்ல குடும்பம்ங்க" என்று சிரித்துவிட்டார். "பரவாயில்ல. டீ நல்லா இருந்துச்சு."

அவர் போனபின் சின்னவள் உள்ளே வந்தாள். வேன்காரரே முதலில் பேசினார்.

"வண்டி உன்னுது. பஞ்சரும் உன்னுது. நடு ரோட்ல நின்னுக்கிட்டு எனக்குப் போன் பண்ணாத."

"பண்ணமாட்டேன். நீங்கதான் நிமிஷத்துக்கு ஒருதரம் பண்ணப் போறீங்க."

"பண்ணுவேன். எடுக்காத. ஓட்டும்போது போன் எடுத்தா பிச்சுடுவேன்."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். மனைவி யாரையும் பார்க்காமல், பலகையாய் நின்ற முன்பக்கத் துண்டைப் பிரிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை குடும்பமே ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. மகன் முன்னால் உட்கார்ந்தான். வேன்காரர் மனைவியோடும் பேத்தியோடும் கடைசி வரிசைக்குப் போனார். வண்டி நகர்ந்ததும் பக்கத்து ஜன்னல் கடகடவென்று ஆடியது.

"என்ன சத்தம் இது?"

"அது எப்பவும் ஆடும்" என்றாள் மனைவி. "இத்தனை வருஷமா ஆடுது. உங்க வண்டியைக் குறை சொல்ல யாருக்குத் தைரியம்?"

கடைத்தெருவில் நெரிசல். வேன் ஊர்ந்தது. யாரோ ஒருவர் ஓடிவந்து, கடைசி வரிசையில் பெரியவர் இருப்பதைப் பார்த்து ஜன்னலைத் தட்டினார்.

"அண்ணே, வண்டி வாடகைக்கு வருமா? அடுத்த வாரம் ஒரு பத்துப் பேர் போகணும். தூரம்தான், மலைப் பாதைதான். நல்ல டிரைவரா இருக்கணும்."

வேன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்னால் கண்ணாடியில் மகளின் கண்கள் தெரிந்தன, நெரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆடுகிற ஜன்னலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"முன்னாடி போய்க் கேளுங்க. வண்டியும் அவங்களுதுதான், டிரைவரும் அவங்கதான். நேத்து நானே அவங்க வண்டியிலதான் மலை ஏறி வந்தேன்."