எட்டுச் சிவப்புச் சீட்டுகள்

மார்னி ஹாக்ஸ்டாடுக்குப் பள்ளிப் பேருந்துகளை வழியனுப்பும் வேலை. மினசோட்டாவில் பனி கொட்டும் ஜனவரிக் காலைகளில், அறுபத்திரண்டு ஓட்டுநர்களையும் வயர்லெஸ்ஸில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்த முனையில் எந்தப் பிள்ளை நிற்கிறது என்று சொல்வாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூடப் பனியில் நிற்க விட்டதில்லை. "மார்னிக்குத் தெரியாம இந்த ஜில்லாவுல ஒரு காக்கா பறக்காது" என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். அவளும் அதை நம்பித்தான் இருந்தாள்.

கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்தொரு வயதில் சீனாவுக்குப் போய்ப் பத்து மாதக் குழந்தை ஒன்றைத் தத்தெடுத்து வந்தாள். வில்லா என்று பெயர் வைத்தாள்.

அன்றைக்கு ஒரே விமானத்தில் போனவை எட்டுக் குடும்பங்கள். ஒரே ஹோட்டல், ஒரே மாடி. ஒரே மதியத்தில், ஒரே அநாதை இல்லத்தின் எட்டுக் குழந்தைகள் வரிசையாகக் கைக்கு வந்தன. தத்துப் பெற்றோர்கள் இதைப் பயணக் கூட்டம் என்பார்கள். கூடப் பிறந்தவர்களிடம் சொல்லாததை இந்தக் கூட்டத்திடம் சொல்வார்கள். வில்லாவுக்கு முதல் நாளே காய்ச்சல் கண்டபோது, அடுத்த அறையிலிருந்த பெவ் ஆஸ்ட்ராண்டர் தன் குழந்தை கொரினைப் புருஷன் கையில் திணித்துவிட்டு வந்து, வில்லாவை மாரில் போட்டுக்கொண்டு நடந்தாள். அந்த நடையில் ஒட்டிக்கொண்ட சிநேகம்.

ஊர் திரும்பியதும் மார்னி ஒரு காரியம் செய்தாள். ஏரிக்கரையில் ஒரு சர்ச்சுக்குச் சொந்தமான மரக்குடில்களை வாடகைக்கு எடுத்து, ஆகஸ்டில் மூன்று நாள் எட்டுக் குடும்பத்தையும் கூட்டினாள். அது வருஷா வருஷம் தொடர்ந்தது. யாருக்கு எந்தக் குடில், யார் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, எல்லாம் அவள் பட்டியலில் இருக்கும். சனிக்கிழமை அம்மாக்கள் சேர்ந்து சீனக் கொழுக்கட்டை பிடிப்பார்கள். பாதி வெந்நீரில் வாய் பிளந்து பூரணத்தைத் துப்பிவிடும். பிள்ளைகள் அதை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும், பாலாடைக்கட்டி போட்டு அடுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கு ஹாட்டிஷைச் சுரண்டித் தின்பார்கள்.

ஹாட்டிஷ் பெவ் கொண்டுவருவது. அடியில் அவள் பெயர் எழுதி ஒட்டிய கண்ணாடிப் பாத்திரம். அதை மார்னி எடுத்துப் போய், அடுத்த முறை பார்க்கும்போது எலுமிச்சைக் கேக்கோ காட்டரிசிக் கஞ்சியோ நிரப்பித்தான் திருப்புவாள். அந்த ஊரில் வெறும் பாத்திரத்தைத் திருப்புகிறவர்கள் இல்லை.

ஞாயிறு காலை, பான்கேக் சாப்பிட்டதும் கடைசி நிகழ்ச்சி. மார்னி எழுந்து தன் சிவப்புச் சீட்டை வாசிப்பாள்.

குழந்தையோடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சீட்டு கிடைத்திருந்தது. உள்ளங்கை அகலச் சிவப்புக் காகிதத்தில் பால்பாயின்ட் பேனா எழுத்து. குழந்தையைக் கண்டெடுத்தபோது துணிக்குள் இருந்தது, பெற்றவள் எழுதியது என்று சொல்லித்தான் இல்லத்தில் கொடுத்தார்கள். எட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கும் சீன எழுத்து தெரியாது. ஆளுக்கொரு இடத்தில் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். மார்னிக்குச் செய்து கொடுத்தவர் ஊரிலிருந்த சீன உணவகத்துக்காரர். அவருக்குக் கொஞ்சம் கவிதைக் கிறுக்கு. "எங்கள் கை வறண்டது, மனம் வறளவில்லை. மார்ச் நான்காம் நாள் சேவல் கூவும்போது பிறந்தவள். நல்லவர் எவரோ இவளை எடுத்துக்கொள்க" என்று எழுதிக் கொடுத்தார். பெவ்வுக்குக் கிடைத்தது ஒரு மாணவன் செய்தது: "பொருளாதார வசதியின்மை காரணமாக." அதனால்தான் எல்லோரும் மார்னியை வாசிக்கச் சொன்னார்கள். அவள் வாசித்தால் கைக்குட்டை எடுக்காத ஆளில்லை.

வில்லாவுக்குப் பதினேழு வயதான வருஷம், மார்னிக்கு ஒரு யோசனை தோன்றியது. எட்டுச் சீட்டையும் ஒரு பலகையில் சேர்த்து மாட்டினால் என்ன? எல்லோருக்கும் எழுதினாள். ஒருத்தி லாக்கர் சாவியைக் காணோம் என்றாள். ஒருவர் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார். பெவ், "நல்ல யோசனதான், வித்தியாசமா இருக்கு" என்றாள். அந்த ஊரில் வித்தியாசமா இருக்கு என்றால் வேண்டாம் என்று அர்த்தம். மார்னிக்கு அது உறைக்கவில்லை.

சீட்டோடு வந்தவன் நார்ம் தோர்வால்ட் ஒருவன்தான். தச்சன். ஒன்பது வருஷம் முன்பு அரிசோனாவுக்குக் குடிபோனவன், இந்த வருஷம்தான் மறுபடி தலைகாட்டினான். சனிக்கிழமை மதியம் சீட்டை மார்னி கையில் கொடுத்துவிட்டுப் படகு பார்க்கப் போனான். அவள் சாப்பாட்டுக் கூடத்து மேசையில் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தாள்.

முதலில் கண்ணில் பட்டது கிழிசல். ஒரு விளிம்பு மட்டும் கையால் கிழித்தது போலப் பல்லுப் பல்லாக இருந்தது. இரண்டையும் நெருக்கி வைத்தாள். பல்லோடு பல் பொருந்தி, இரண்டும் ஒரே காகிதமாயின. எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் கையெழுத்து தெரியாதா? ஒவ்வொரு வரியும் அதே சாய்வு, அதே சுழிப்பு. நடுவில் எண்கள் மட்டும் வேறு.

இரண்டையும் எடுத்துக்கொண்டு போனபோது பெவ் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெவ், கையக் கழுவிட்டு வா."

"பாதிதான்டி வெட்டியிருக்கேன். உப்பு வேற போட்டாச்சு, தண்ணி விட்டுரும்."

"விடட்டும்."

மார்னி இரண்டு சீட்டையும் ஒட்டிப் பிடித்தாள். பெவ் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. மார்னிக்குப் புரிந்தது அப்போதுதான்.

"ஒனக்குத் தெரியும்."

"ஒக்காந்து பேசலாமா?"

"நின்னுக்கிட்டே சொல்லு."

பெவ் கையை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "பத்தாவது வருஷத்துக்குப் போர்வ தைக்கிறேன்னு எல்லார்கிட்டயும் நகல் வாங்கினேன்ல? நார்ம்கூட அரிசோனாவுலேர்ந்து தபால்ல அனுப்பினான். சீன எழுத்த அப்படியே துணியில தைக்கலாம்னு எட்டையும் ஒரு டீச்சரம்மாவுக்கு அனுப்பினேன். அவங்க போன் பண்ணி, ஒரே லெட்டர எதுக்குங்க எட்டு தடவ அனுப்பியிருக்கீங்கன்னு கேட்டாங்க."

"போர்வத் துணி சாயம் போயிருச்சுன்னு எங்கிட்ட சொன்ன."

"ஆமா."

"ஆறு வருஷம் ஆச்சு. வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"நார்ம் ஊர்ல இல்லாததால அவனுக்குத் தெரியாது."

"நார்முக்குத் தெரியாது. அப்புறம்?"

"அப்புறம் ஒனக்கு."

மார்னி ஒவ்வொரு வருஷத்து ஞாயிறாகப் பின்னால் போய்ப் பார்த்தாள். முன் வரிசையில் பெவ் உட்கார்ந்திருப்பாள், கையில் கசங்கிய காகிதத் துண்டு இருக்கும்.

"முன்னாடி ஒக்காந்து மூக்க உறிஞ்சினியேடி. எதுக்கு அழுத?"

"அந்த அழுக பொய்யில்ல மார்னி."

"எனக்காக அழுதியா?"

பெவ் கத்தியை எடுத்துத் தொட்டிக்குள் வைத்தாள். பிறகு, "எங்களுக்கெல்லாம் சாஞ்சு அழப் புருஷன்னு ஒருத்தன் இருக்கான். நீ ஒத்தையாளு. ஒங்கிட்ட இருந்தது அந்தக் காகிதம் ஒண்ணுதான். அத எப்படிப் பிடுங்கறதுன்னு எல்லாரும் பேசித்தான்..." என்றாள்.

"எல்லாரும் பேசினீங்களா? எங்க வெச்சு?"

"எங்க வீட்லதான்."

பெவ் வீட்டு உணவு மேசை மார்னிக்கு நன்றாகத் தெரியும். அதில் எத்தனை நாற்காலி என்றும் தெரியும். அதைச் சுற்றி உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த இரக்கத்தை முடியவில்லை.

"வில்லாவுக்கு?"

பெவ் திரும்பி முட்டைக்கோஸைப் பிழிய ஆரம்பித்தாள். பதில் அதுதான்.

வில்லா படகுத்துறையில் நனைந்த மிதவைச் சட்டைகளைக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கையில் சிவப்பாக இரண்டு துண்டு தெரிந்ததும் அவள் கை நின்றது.

"யார் சொன்னா ஒனக்கு?" என்றாள் மார்னி.

"கொரின். எனக்கு அப்ப பதிமூணு வயசு. பொண்ணுங்க குடில்ல வெச்சுச் சொன்னா."

"நாலு வருஷமா நான் வாசிக்கிறேன். நீ எம் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்த."

"வாசிக்கும்போது ஒம் மூஞ்சி எப்படியிருக்கும்னு ஒனக்குத் தெரியாதும்மா. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும். அத எப்படிக் கெடுக்கறது?"

"அதனால எல்லாரோடயும் சேந்து என்ன முட்டாளாக்கின."

வில்லா கையிலிருந்த சட்டையைப் பலகையில் வீசினாள். "நீ முட்டாளானேன்னு அழற. எனக்கு என்ன போச்சுன்னு கேட்டியா? சின்ன வயசுல அந்த எழுத்து மேல வெரல வெச்சு வெச்சுப் பாப்பேன். எங்கம்மா கை பட்ட எடம்னு. அன்னிக்கு ராத்திரி அது இல்லன்னு ஆயிடுச்சு. யார்கிட்டப் போய் அழறது? ஒங்கிட்டயா? நீ அடுத்த வருஷமும் ஞாயித்துக்கெழம அதையே சட்டம் போட்டு எடுத்துட்டு வருவ."

மார்னி பலகையில் உட்கார்ந்தாள். அறுபத்திரண்டு பேருந்துகளை வழியனுப்பியவள், வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளையை நாலு வருஷம் பனியில் நிற்க விட்டிருக்கிறாள். கோபம் அதனால் குறையவில்லை. யார் மேல் என்பதுதான் இப்போது சிக்கலாகிவிட்டது.

"மார்ச் நாலு?" என்று கேட்டாள்.

"எட்டுலயும் தேதியும் நேரமும்தான் வேற. இல்லத்துக்காரங்களாப் போட்டதா என்னன்னு யாருக்குத் தெரியும்?" வீசிய சட்டையை எடுத்துக் கயிற்றில் மாட்டிவிட்டு வில்லா, "ஆனா பொறந்தநாள் கேக் மட்டும் நிறுத்திராத" என்றாள்.

மார்னி சிரிக்கவில்லை. ஆனால் கையை நீட்டினாள். வில்லா அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர்கள் எழுந்து வரும்போது பாதையில் பெவ் ஓடி வந்தாள். "நார்ம்கிட்ட இப்பச் சொல்லிராத மார்னி. அவன் பொண்ணு இந்த வாரம்தான் காலேஜுக்குப் போறா. ஊருக்குப் போகட்டும், அப்புறம் பக்குவமா..."

"ஆறு வருஷமா எனக்கு வெச்ச பக்குவம் போதும். அவனுக்கும் வைக்காத."

நார்ம் படகுக் கொட்டகையில் உடைந்த துடுப்பை ஆராய்ந்துகொண்டிருந்தான். மார்னி இரண்டு சீட்டையும் அவன் உள்ளங்கையில் வைத்து, தெரிந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னாள். பனி நாளில் சாலை மூடியிருக்கிறது என்று சொல்வாளே, அந்தக் குரல்தான். நார்ம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கிழிசல் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான்.

"சுத்தமாப் பொருந்துது" என்றான். மரத்தைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. பிறகு, "நீ எப்பத் தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்டான்.

"முக்கா மணி நேரம் முன்னாடி."

"மத்தவங்க?"

"அதப் பெவ்கிட்டக் கேளு."

ஞாயிறு காலை பான்கேக் முடிந்தது. தட்டுகள் நகர்ந்தன, கூடம் அமைதியானது. ஆறு குடும்பமும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மார்னி எழுந்தாள்.

"இந்த வருஷம் வாசிப்பு கெடையாது. ஒங்க எல்லாருக்கும் மனப்பாடம். அடுத்த வருஷத்துப் பட்டியல பெவ் ஒக்கார்ற எடத்துல வெச்சிருக்கேன். எந்தப் புள்ளைக்கு என்ன ஆகாதுன்னு அதுல எழுதியிருக்கேன். எனக்கு என்ன ஆகும் ஆகாதுன்னு ஒங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

யாரோ இருமினார்கள். அந்த ஊரில் விடைபெறுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். கதவருகே அரை மணி, காரருகே அரை மணி. மார்னியும் வில்லாவும் நாலு நிமிஷத்தில் கிளம்பினார்கள். நார்ம் மட்டும் காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினான்.

வீட்டுக்கு வந்து காரின் பின்கதவைத் திறந்தபோது பெவ்வின் ஹாட்டிஷ் பாத்திரம் சாமான்களுக்கு நடுவே இருந்தது. பழக்க தோஷத்தில் யாரோ எடுத்து வைத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் அது அடுப்படியில் கிடந்தது. பெவ் போன் செய்தாள், மார்னி எடுக்கவில்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அதைச் சுடுநீரில் தேய்த்தாள். ஓரத்தில் கருகி ஒட்டியிருந்த பாலாடைக்கட்டியை நகத்தால் சுரண்டி எடுத்தாள். துணியால் துடைத்தாள். வில்லா மேசையில் எலுமிச்சைப் பழங்களை எடுத்து வைத்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம், உள்ள வை" என்றாள் மார்னி.

பெவ் வீட்டில் அப்போது யாரும் இல்லை. வாசல் கதவருகே பாத்திரத்தை வைத்தாள். அடியில் பெவ்வின் பெயர் ஒட்டியிருந்த பட்டை அழியாமல் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து ஒருமுறை உள்ளே பார்த்தாள். தூசி தும்பு ஒன்றும் இல்லை. மூடிவிட்டுக் காருக்குத் திரும்பினாள்.